மூன்று தட்டு

மார்ச் 4

பெரிய பாலத்தின் நடுத்தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்த வருஷம் அது. நகரத்துப் பேருந்துகளுக்கெல்லாம் சிவப்பை மறைத்துப் பச்சை அடித்ததும் அதே வருஷம்தான். எங்கள் மூத்த மகள் அப்போது குப்புற விழக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் கலைப்பள்ளியின் பின்கட்டில், பழைய தச்சுக்கூடத்தில், கண்ணாடி உலையை முதல்முதலாகப் பற்றவைத்தோம். ஐந்து பேர். வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. எண் வேண்டுமென்றால் இவளைக் கேட்க வேண்டும். எதற்குப் பின்னால் எது நடந்தது என்று வேண்டுமென்றால் இவள் என்னைக் கேட்க வேண்டும்.

இவள் என்றால் என் மனைவி. எனக்கு எழுத்து வராது. வங்கியில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறதே என்று, நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கை வைக்கக் கூடாது என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரியை நான் நெடுங்காலமாக அறிவேன்.

அந்த உலையைக் கோடை முடிந்ததும் இடிக்கிறார்களாம்.

மார்ச் 5

கண்ணாடித் துறைத் தலைவி வீட்டுக்கு வந்தாள். எங்களிடம் படித்த பெண்தான். முதல் நாள் ஊதுகுழாயின் சுடுகிற பக்கத்தைப் பிடிக்கப்போய் இவளிடம் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டவள், இப்போது துறைக்கே தலைவி. புது மின் உலை வந்துவிட்டதாம். திறப்பு நாளன்று பழைய பெரிய ஜாடி ஒன்றைத் திரும்பச் செய்து காட்ட வேண்டுமாம்.

"நீங்க ரெண்டு மாஸ்டரும் சேர்ந்து செஞ்சாத்தான் அது அந்த ஜாடி" என்றாள்.

இரண்டாவது மாஸ்டர் இவளுடைய அண்ணன். அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவர் வந்து கேட்டால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

"அதையேதான் அண்ணனும் சொல்லும்" என்றாள் இவள். இதை எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்துகிறாள்.

மார்ச் 7

சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

பள்ளியின் முதல் கண்காட்சிக்கு ஒரு ஜாடி செய்தோம். ஒரு குழந்தை உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. அடியில் பச்சை, மேலே போகப்போக வெள்ளை. பெஞ்சில் உட்கார்ந்து குழாயை உருட்டி வடிவம் கொடுத்தது நான். மறுமுனையில் மண்டியிட்டு ஊதியது இவள் அண்ணன். அந்த மூச்சு வேறு யாருக்கும் வராது. மல்லாந்து தூங்கும் குழந்தையின் வயிறு ஏறுகிற மாதிரி கண்ணாடி ஏறும்.

கண்ணாடி சூடாக வெளியே வந்தால் உடைந்துவிடும். அதனால் ஆறவைக்கும் பெட்டிக்குள் வைத்து, இரண்டு நாள் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை பெட்டியைத் திறந்தால் ஜாடி மூன்று துண்டு.

இவள் அண்ணன் நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், குளிர்காற்று அடித்து விட்டது என்பது என் கட்சி. நான் பச்சைக்காகப் பழைய பாட்டில் துண்டைக் கலந்தேன், பாட்டில் கண்ணாடி ஒரு மாதிரி சுருங்கும், பள்ளிக் கண்ணாடி ஒரு மாதிரி சுருங்கும், அதுதான் பிய்த்துக்கொண்டது என்பது அவர் கட்சி. "ஓட்டைப் பாட்டில் பொறுக்கி" என்றார். "எட்டிப் பார்க்கிற எலி" என்றேன். மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு.

நான் எட்டிப் பார்க்கவே இல்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வதாக இவள் இந்த இடத்தில் எழுதச் சொல்கிறாள். டைரி யாருடையது?

மார்ச் 8

இவள் இன்று எழுதமாட்டாளாம். இந்த ஒரு வரியும் காபி போட்டுக் கொடுத்து வாங்கியது.

மார்ச் 15

தலைவி விடவில்லை. வகுப்பையாவது வந்து பாருங்கள் என்று ஆட்டோ அனுப்பிவிட்டாள்.

பட்டறை அப்படியே இருக்கிறது. பெஞ்சின் இடது கை இரும்பில் நான் குழாய் உருட்டி உருட்டி விழுந்த பள்ளம்கூட இருக்கிறது. மாணவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஒரு பல் டாக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓட்டுநர் அம்மா, மற்றதெல்லாம் சின்ன வயது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெஞ்சில் இருப்பவர் இடுக்கியால் குழாயில் ஒரு தட்டு தட்டினால் மறுமுனையில் ஊதுகிறார்கள். இரண்டு தட்டு, நிறுத்துகிறார்கள்.

"இது நம்ம பள்ளிக்கே உரிய பேசாப் பயிற்சி. ரெண்டு மாஸ்டர்களும் உருவாக்கினது" என்று தலைவி விளக்கினாள். இதைக் கற்பதற்காகவே தூரத்திலிருந்து ஆள் வருகிறதாம்.

உருவாக்கினோமா! சண்டைக்குப் பிறகும் இருவருக்கும் சம்பளம் அதே பட்டறையில்தான். பேசமாட்டோம், ஆனால் கண்ணாடி காத்திருக்குமா? தட்டினேன், ஊதினார். ஓய்வு பெறும்வரை அப்படியே ஓட்டிவிட்டோம். பிள்ளைகள் அதைத் தொழில் என்று நினைத்துக்கொண்டார்கள். யார் போய் இல்லையென்று சொல்வது?

அந்த ஓட்டுநர் அம்மா கையைத் தூக்கி, மூன்று தட்டு என்றால் என்ன என்று கேட்டார். மனதை ஒருமுகப்படுத்து என்று அர்த்தம், மாஸ்டர்களே நாள் தவறாமல் தட்டிக்கொண்டதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றாள் தலைவி.

எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. மூன்று தட்டுக்கு முட்டாப்பயலே என்று அர்த்தம். முதலில் அவர்தான் குழாய்முனையில் மோதிரத்தால் தட்டினார். நானும் திருப்பித் தட்டினேன். இரண்டு பேருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

மார்ச் 16

பேச வேண்டியதில்லையே, தட்டினால் போதுமே என்று யோசித்துச் சம்மதம் சொல்லி அனுப்பினேன்.

அண்ணனும் சம்மதித்தாராம். என்ன சொல்லி என்று கேட்டேன்.

"பேச வேண்டியதில்லையே, ஊதினாப் போதுமேன்னுச்சு."

இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் பரிசு வாங்கி வந்தபோதுகூட இப்படி இல்லை.

ஏப்ரல் 2

துடைப்பக் கம்பை நாற்காலிக் கைகளின் மேல் வைத்து உருட்டிப் பழகுகிறேன். உள்ளங்கை மறக்கவில்லை. முழங்கால்தான் மறந்துவிட்டது.

செய்தித்தாள் சேர்க்கிறோம். நனைத்துப் பல மடிப்பு மடித்து உள்ளங்கையில் வைத்துத்தான் சுடுகண்ணாடியை வழித்து உருட்ட வேண்டும். என் ஆயுளில் செய்தித்தாள் நான் வாங்கியது எரிப்பதற்கு மட்டும்தான். இறந்தவர்கள் படம் வரும் பக்கத்தை மட்டும் இவள் தனியே எடுத்துவிடுகிறாள். எப்போதும் எடுத்துவிடுவாள். தெரிந்த முகம் சுடக் கூடாதாம்.

ஏப்ரல் 19

"அண்ணனுக்கு இப்ப காது மந்தம், தெரியுமா?" என்று இவள் மெல்ல ஆரம்பித்தாள்.

காது எதற்கு? குழாயில் தட்டினால் அது இரும்பு வழியாக ஓடி, ஊதுகிறவன் முன்பல்லில் போய் நிற்கும். செவிடனும் கேட்கலாம் என்றேன்.

"பல்லும் இல்ல. செட்டு வச்சிருக்கு. ஊதும்போது கழட்டிடுமாம்."

இவள் இதை எழுதிக்கொண்டே உதட்டைக் கடிக்கிறாள். வருத்தம்போல.

ஏப்ரல் 20

தூக்கமில்லை. ஈறு தட்டை உணருமா?

மே 11

காலையிலிருந்து நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். இவளும் அங்கேதான் இருந்தாள். ஆகவே குறுக்கே பேசாமல் எழுதட்டும்.

மாணவர்கள், ஆசிரியர்கள், வெளியாட்கள் எல்லாம் சுவரோரம் நிறைந்து நின்றார்கள். இவள் அண்ணன் ஊன்றுகோலுடன் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனால் அவர் இளைத்திருப்பது பார்க்காமலே தெரிந்தது. பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழாய் முனையில் ஒரு தலையணை மேல் மண்டியிட்டார்.

தலைவி உலையிலிருந்து கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொடுத்தாள். தேன் மாதிரி தொங்குகிறது, ஆரஞ்சு நிறம். உருட்டினேன். ஒரு தட்டு. ஊதினார். அம்மாடி, அதே மூச்சு. கண்ணாடிக்குள் ஒரு வயிறு ஏறியது. இரண்டு தட்டு, நின்றது. சூடு காட்டினோம், மறுபடி உருட்டினேன், மறுபடி ஊதினார். சின்ன அளவு வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

கடைசிச் சூடு. ஜாடியின் வயிறு முழு அளவுக்கு வர வேண்டியது இந்த ஒரு மூச்சில்தான். இன்னொரு தடவை சூடு காட்டினால் கழுத்துத் தொய்ந்துவிடும். நான் தட்டினேன்.

ஊதவில்லை.

பலமாகத் தட்டினேன். மண்டியிட்டபடியே இருக்கிறார், உதடு குழாயில், கண் கூரையில். ஆரஞ்சு மங்கிச் சிவப்பாகிறது. என் கையிலிருந்த காகிதம் புகைகிறது. கூட்டத்தில் சத்தமில்லை. பேசாப் பயிற்சி அல்லவா! தலைவி என்னைப் பார்க்கிறாள். நான் உருட்டுவதை நிறுத்தினால் எல்லாம் ஒரு பக்கம் சரியும். எழுந்துபோய்த் தோளைத் தொட வழியில்லை. போச்சு. இதுவும் போச்சு. இனி இரண்டு பேருக்கும் இன்னொரு ஜாடி ஏது?

"ஊதுய்யா" என்று கத்தினேன். அசையவில்லை.

"மச்சான்! ஊது மச்சான்!"

ஊதினார். என்ன ஊதல்! வயிறு உருண்டு விரிந்து, பச்சை அடியிலிருந்து மேலேறி வெளுத்துக்கொண்டே போனது. "இன்னும், இன்னும், மெல்ல, போதும் மச்சான்" — நிறுத்தமாட்டாமல் பேசிக்கொண்டே இருந்தேன். கழற்றிப் பெட்டிக்குள் வைத்தபிறகுதான் கூட்டம் கை தட்டியது.

அவர் எழுந்தார். செட்டைப் போட்டுக்கொண்டார். நிதானமாக வந்து என் எதிரே நின்றார்.

"யாரு முதல்ல வாயத் திறந்தது, மாப்ள?"

மே 11, மறுபடியும்

சாப்பிட்டுவிட்டு இதையும் எழுதச் சொன்னேன். அவருக்குக் காது மந்தமே இல்லையாம். அடுத்த அறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கேட்குமாம். தட்டும் நன்றாகவே கேட்டதாம். அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து போட்ட திட்டம். ஏப்ரலில் உதட்டைக் கடித்தது வருத்தமில்லை, சிரிப்பு.

ஜாடி சரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரையும் ஒரே அறையில போட்டுப் பூட்டியிருப்பேன்" என்கிறாள்.

மே 12

ஆறவைக்கும் பெட்டிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கதவைத் திறக்காமல் நான் காவல். நான் கிட்டே போகாமல் அவர் காவல். அவர் கழிப்பறைக்குப் போனால் பல் டாக்டரைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகிறார்.

மே 13

முழுசாக வந்தது! ஒரு கீறல் இல்லை. விரலால் சுண்டினேன், மணி மாதிரி.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்று உடனே ஆரம்பித்தார். இந்த முறை பச்சைக்குப் பள்ளியின் நிறப்பொடிதான், பாட்டில் துண்டு போடவில்லை, ஆகவே அன்று உடைத்தது பாட்டில் துண்டாம். இந்த முறை நீ கதவைத் திறக்கவில்லை, ஆகவே அன்று உடைத்தது நீ என்றேன். நடுப்பகல் வரைக்கும் ஓடியது. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பட்டறையில் இவ்வளவு பேச்சு இதற்கு முன் நடந்ததில்லை என்றாள் தலைவி. பாவம், பேசாப் பயிற்சியை இனி எப்படி நடத்துவது என்று அவள் கவலை. நடத்தட்டும், நல்ல பயிற்சிதான். மூன்று தட்டின் அர்த்தத்தை மட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை. அதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

ஜூன் 1

பழைய உலையை இன்று இடித்தார்கள். ஒரு செங்கல் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். உள்பக்கம் கண்ணாடி வழிந்து, பச்சையாய், பளபளவென்று இருக்கிறது.

பற்றவைத்த ஐந்து பேரைச் சொல்கிறேன், வரிசையாக எழுது என்றேன். இந்த நாள் வரைக்கும் இதில் "இவள் அண்ணன்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், நீயும் அப்படியே எழுதியிருக்கிறாய், தெரியும்.

தாடி வாத்தியார். பணமே இல்லாமல் உலை கட்டலாம் என்று எங்களை நம்பவைத்தவர். நகரத்தில் முதல் மாடி ரயில் ஓடிய வருஷம் போனார். உலை கட்டிய கொத்தனார், வெற்றுக்கையால் சூட்டுச் செங்கல் தொட்டுக் காட்டுவார். அவருக்கு அடுத்த கோடையில். எண்ணெய் பர்னர் வைத்த மெக்கானிக், எப்போதும் சீட்டி. பெருவெள்ளம் வடிந்த மறு மாதம். மூன்று பேருடைய படமும் இவள் எடுத்துவைத்த பக்கங்களில் இருக்கிறது.

நான்காவது நான். என்னைக் கணக்கில் சேர்க்காதே, சொல்கிறவன் இருந்தாக வேண்டும்.

வாசல் கதவில் மூன்று தட்டு. மோதிரத்தால். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே நேரத்துக்கு வந்துவிடுகிறார், பாட்டில் துண்டைப் பற்றிப் புதிதாக ஏதோ யோசித்துக்கொண்டு. இரு, கதவைத் திறக்காதே. முதலில் எழுதி முடி. நான் உள்ளேயிருந்து மூன்று தட்டு தட்டிவிட்டு வருகிறேன்.

இன்னும் உயிரோடு இருப்பது: என் மச்சான்.