இரண்டாவது ஆள்

மார்ச் 1

இருமல் மருந்து மறுபடியும் தீர்ந்துவிட்டது. ஸகாஸிக் நகரமே என் மருந்துக்கடை வாசலில் நின்று இருமுவதுபோல் இருந்தது இன்று.

தம்பி வஜீஹ் சாப்பிட வந்தான். முலுகியாக் கீரையை வழக்கம்போல் மூன்று தடவை கேட்டு வாங்கினான். காலையில் ரயில் நிலையத்துக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்களாம். போன வாரம் ரயில் கவிழ்ந்து செத்த பதினொரு பேரின் படங்களைப் பிடித்துக்கொண்டு, கோஷம் எதுவும் போடாமல். தம்பி அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போய் மின்சாரப் பாடம் நடத்தியிருக்கிறான். இடைவேளையில் ஒரு செய்திக்குக் கீழே கருத்தும் எழுதியிருக்கிறான். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“நாளைக்கு சிக்னல்காரனைப் பிடிப்பார்கள். பாலம் திறந்துவைக்கிற பெரியவர் அடுத்த பாலத்தைத் திறந்துவைப்பார்.”

“அழிச்சுடு” என்றேன்.

“இருபத்தேழு பேருக்குப் பிடிச்சிருக்கு அக்கா.”

“அதுல ஒருத்தன் போலீசா இருப்பான்.”

“பாவம், அவனுக்கும் பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்.”

மகள் லமீஸ் வாயில் சோற்றோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு ஜூனில் பள்ளி இறுதித் தேர்வு. டிவி மேல் துணி போட்டு மூடி இரண்டு மாதமாகிறது. இந்த வீட்டில் சிரிப்பே அபூர்வம்.

மார்ச் 3

வஜீஹைப் பகலில், வகுப்பிலேயே பிடித்திருக்கிறார்கள். கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தானாம். தலைமையாசிரியர் போன் செய்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, “நான் எதையும் பார்க்கலை டாக்டரம்மா” என்றார்.

மார்ச் 4

மூன்று காவல் நிலையம் ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பதில்: அப்படி ஒருத்தர் இங்கே இல்லை.

அந்தக் கருத்து அப்படியே இருந்தது. இருபத்தேழு நானூறாகிவிட்டது. முகம் தெரியாதவர்கள் கீழே ‘வீரன்’ ‘சிங்கம்’ என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் அவன்மேல் அடிக்கிற ஆணி மாதிரி. நிறுத்துங்கடா, யார் கேட்டா உங்களை?

அவனுடைய பழைய போன் என் வீட்டு இழுப்பறையில் கிடந்தது. கடைக்குப் பக்கத்தில் போன் பழுதுபார்க்கும் ஷுக்ரியிடம் எடுத்துப்போய்த் திறக்கச் சொன்னேன்.

“வேண்டாம் டாக்டரம்மா. இருக்கறது இருந்துட்டுப் போகட்டும். தொட்டா வம்பு.”

“உன் பொண்ணுக்கு வலிப்பு வந்தப்ப விடுமுறை நாள்ல கடையைத் திறந்தது யாரு?”

அப்படிக் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

அவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். பத்து நிமிடத்தில் கணக்கு திறந்தது. கருத்தைக் கண்டுபிடித்து அழித்தேன். அவனையே இழுத்து வெளியே போட்டதுபோல மூச்சு வந்தது. “போன் இங்கேயே பழசோட பழசாக் கிடக்கட்டும். உங்க வீட்டுல இருக்க வேண்டாம்” என்றார் ஷுக்ரி.

மார்ச் 19

கிடைத்துவிட்டான். பதினாறு நாள் எங்கே வைத்திருந்தார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அரசு வழக்கறிஞர் முன் நேற்றுதான் பிடிபட்டவன்போல நிறுத்தியிருக்கிறார்கள். பதினைந்து நாள் காவல். அது முடிந்தால் இன்னொரு பதினைந்து.

வக்கீல் மதீஹா புகைத்துக்கொண்டே படித்தாள். பொய்ச் செய்தி பரப்பியது, சட்டவிரோதக் குழுவில் சேர்ந்தது.

“எந்தக் குழு?”

“அதை இன்னும் எழுதலை. இடம் விட்டு வச்சிருக்காங்க.”

விசாரணைக் கைதிக்கு எல்லாம் வெள்ளையில் வேண்டும். கடைவீதியில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை உள்ளாடை கேட்டேன். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலேயே, “எந்தச் சிறை?” என்றார்.

மார்ச் 30

அவனுடைய ஆஸ்துமா மருந்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ‘மருத்துவர் சீட்டு இல்லை.’ அதை விற்கிறவளே நான்தான்.

ஏப்ரல் 17

நோன்பு மாதம். சிறையில் முதல் பார்வை நேரம், இருபது நிமிடம். திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டியது அறுபது கொண்டுபோனேன். சோதனை செய்கிறவள் அறுபதையும் பிரித்தாள், பேனா மூடியால். “அழகாச் சுருட்டியிருக்கே” என்று பாராட்டிக்கொண்டே.

வஜீஹ் இளைத்திருந்தான். வாய் மட்டும் இளைக்கவில்லை.

“உள்ள பூரா கருத்துச் சொன்னவங்கதான் அக்கா. ஒருத்தர் கோழி விலையைப் பத்தி. ஒருத்தர் எழுதக்கூட இல்லை, சிரிக்கிற மூஞ்சி மட்டும் போட்டார். எங்கள்ல அவருக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. ரெண்டு வருஷமா இருக்கார்.”

மூச்சு எப்படி என்று கேட்டேன். “வந்து போகுது” என்றான்.

ஏப்ரல் 27

விடுதலை உத்தரவு!

மதீஹா போனில், “கையெழுத்தாயிடுச்சு இனாஸ். இன்னும் சந்தோஷப்படாதீங்க” என்றாள். யார் கேட்டார்கள். பெரிய பாத்திரத்தில் சிவப்புச் சர்பத் கரைத்தேன். லமீஸ் புத்தகத்தை மூடிவிட்டு டம்ளர்களோடு படியேறி இறங்கினாள். ஷுக்ரியின் மனைவி நபவிய்யா தெருவே திரும்பிப் பார்க்கும்படி குலவையிட்டாள். “மாப்பிள்ளை வெளிய வரட்டும் டாக்டரம்மா, பொண்ணு நான் பாக்கறேன். வாயில்லாத பொண்ணாப் பாக்கறேன், அவருக்கு இருக்கற வாய் போதும்.”

காகித வேலைக்காக அவனை எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குக் கொண்டுவருவார்களாம்.

ஏப்ரல் 28

அவன் மாற்றிக்கொள்ள ஒரு நீலச் சட்டையோடு நிலைய வாசலில் ஏழு மணி நேரம். ஜன்னல் வழியாக அவன் இருமுவது கேட்டது. அது அவன் இருமல்தான். எனக்குத் தெரியாதா.

ஏட்டு ஹில்மி என் வாடிக்கையாளர், ரத்த அழுத்த மாத்திரைக்காரர். “கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு டாக்டரம்மா. நாளைக்கு வாங்க” என்று சட்டையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 30

“இன்னும் ஒரே ஒரு கையெழுத்து.”

மே 1

இருமல் கேட்கவில்லை. ஹில்மி பதிவேட்டைத் திருப்பி என்னிடமே காட்டினார். “பாருங்க. அப்படி ஒருத்தர் இங்க வரவே இல்லை.”

“சட்டையை வாங்கினீங்களே.”

“எந்தச் சட்டை?”

மே 2

பெருநாள். லமீஸ் வேதியியல் படித்துக்கொண்டே பெருநாள் பிஸ்கட் தின்றாள். யாரும் வரவில்லை.

மே 14

புது வழக்கு. புது எண். பழைய வழக்கில் அவன் விடுதலையானவன். இதில் புதிதாகப் பிடிபட்டவன். மதீஹா வாசித்தாள்: குற்றஞ்சாட்டப்பட்டவர் காவலில் இருந்தபோது, மார்ச் நான்காம் தேதி, அவருடைய கணக்கு இயக்கப்பட்டு ஆதாரம் அழிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வெளியில் அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே குழு இருக்கிறது. பழைய காகிதத்தில் மார்ச் நான்காம் தேதி அவன் பிடிபடவே இல்லை; இதில் மட்டும் காவலில் இருக்கிறான்.

“அது நான்” என்றேன்.

மதீஹா எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இப்பவே போய்ச் சொல்றேன். அக்கா பயந்துபோய் அழிச்சா, அவ்வளவுதான்னு—”

“இனாஸ், கேளுங்க. இது வரைக்கும் அவங்க கையில ஒரு ஆள் உள்ள குழு இருக்கு. குழுன்னா குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். நீங்க போனா டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பாங்க. அவனை விட மாட்டாங்க. உங்களையும் விட மாட்டாங்க.”

“நான் போகலைன்னா?”

“தேடுவாங்க. அவன்கிட்டதான் கேப்பாங்க.”

மே 22

கேட்டிருக்கிறார்கள்.

மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. வலது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தான். நான் பார்க்க முயன்றபோது முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டான்.

“பழைய போன் யார்கிட்டன்னு கேக்கறாங்க. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன்.” என்னையே பார்த்தான். “உனக்கும் ஒண்ணும் தெரியாது, இல்லையா அக்கா?”

காவலர் ஒரு கை தூரத்தில் நின்றார். அதனால்தான் அப்படிச் சொன்னேனா? அவர் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேனா?

“தெரியாது” என்றேன்.

“நல்லது” என்றான். மீதி நேரம் லமீஸின் படிப்பைப் பற்றிப் பேசினான்.

மே 23

ரெண்டு பல்லு. என் பேரைச் சொன்னா அடி நிக்கும். சொல்ல மாட்டேங்கிறான். நான் போய்ச் சொன்னா நிக்கும். நானும் சொல்ல மாட்டேங்கிறேன். அப்ப யாரு அடிக்கிறா அவனை?

லமீஸுக்கு இன்னும் நாலு வாரத்தில் தேர்வு. பன்னிரண்டு வருடப் படிப்பு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பெண் எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலை எழுதும்? அவள் அப்பா ரியாத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவளுக்கு நான் மட்டும்தான்.

கடைசித் தேர்வு ஜூலை 2. ஜூலை 3 காலையில் போகிறேன். பெட்டி கட்டிக்கொண்டு நானே போகிறேன். எழுதிவிட்டேன்.

ஜூன் 9

ஷுக்ரியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மார்ச் நான்காம் தேதி கணக்கு திறந்தது அவர் கடை இணையத்தில் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கடையில் இருந்த எல்லாப் போன்களையும் சாக்கில் அள்ளினார்கள். வஜீஹின் போனும் அதில்தான். நான் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வண்டியில் ஏற்றும்போது அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவைகூட.

பிறகு பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் வந்து என்னிடம் சண்டை. “ஷுக்ரி போனது போகட்டும், என் போன் எங்க? கல்யாணப் படமெல்லாம் அதுலதான்.”

சாயங்காலம் ஹில்மி மாத்திரைக்கு வந்தார். “ரெண்டாவது ஆள் கிடைச்சாச்சு டாக்டரம்மா. உங்க தம்பியை இனிமே தொந்தரவு பண்ண மாட்டாங்க.” நல்ல செய்தி சொன்னவர்போல நின்றார். கையை நீட்டினார். அவருடைய ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று நாற்பது. உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

ஜூன் 10

நபவிய்யா வந்து கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வோட்டுக்கூடப் போட்டதில்லை இந்த மனுஷன். செய்தி வந்தா டிவியை அணைச்சுடுவார். எவனோ இளிச்சவாயன்னு பார்த்துத் தலையில கட்டிட்டுப் போயிருக்கான். நல்லா இருப்பானா அவன்?”

தண்ணீர் கொடுத்தேன். குழந்தையின் வலிப்பு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜூன் 26

ஹில்மி சொன்னது உண்மை. வஜீஹை அடிக்கவில்லை. முகத்தில் கொஞ்சம் சதைகூட வைத்திருக்கிறது. ஆனால் வந்து உட்கார்ந்தவன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

“ஷுக்ரி என் அறையிலதான் இருக்கார்.”

காவலர் கதவுப் பக்கம் நகர்ந்ததும் வஜீஹ் குரலைத் தாழ்த்தினான்.

“மூணு நாள் கேட்டாங்க அவரை. அக்கான்னு ஒரு சொல் வரலை அவர் வாயில. எனக்கு மூச்சு முட்டும்போது எழுந்து துணியால விசிறி விடறார். விரலெல்லாம் கட்டு. அந்தக் கையால.”

“வஜீஹ், லமீஸோட தேர்வு முடியட்டும். நான்—”

“எப்ப முடியுது?”

“ரெண்டாம் தேதி.”

தலையாட்டினான். நேரம் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. எழுந்துவிட்டான்.

ஜூலை 2

தேர்வு முடிந்தது. லமீஸ் சீருடையோடு படுத்துத் தூங்கிவிட்டாள். காலணியைக் கழற்றிவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாளாம். மருத்துவமே கிடைக்கும் என்கிறாள்.

ஜூலை 3

கடை திறந்தேன். நல்ல கூட்டம்.

ஜூலை 5

மதீஹா போன் செய்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே, “இப்ப போனாலும் ஷுக்ரியை விட மாட்டாங்க. மூணு பேர் ஆகும், அவ்வளவுதான்” என்றாள். சரியாகத்தானே சொல்கிறாள். இன்று நாலைந்து தடவை அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 16

நபவிய்யாவுக்கு நாளைக்கு முதல் பார்வை. சாப்பாட்டையும் துணியையும் எப்படிக் கட்டுவது என்று கேட்டு என் சமையலறைக்கு வந்தாள். சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் வெள்ளை. உலோகப் பொத்தான் கூடாது. கோழியை எலும்பில்லாமல் உதிர்த்துவிடு. இலையில் சோறு சுருட்டாதே, பிரித்துவிடுவார்கள். இலையைத் தனியாக, சோற்றைத் தனியாக வை. ஆறு மணிக்கே வரிசையில் நில். கேள்வி கேட்காதே.

“நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அக்கா” என்றாள். இதுவரை டாக்டரம்மா. இன்றிலிருந்து அக்கா. “நீங்களும் வர்றீங்கதானே?”

“கடையில ஆள் இல்லை. வஜீஹுக்கு உள்ளதையும் நீயே கொண்டுபோயிடு.”

“ஒரே டப்பாவுல வச்சுடலாம். அங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே சாப்பிடறாங்க.”

ஒரே டப்பாவில் வைத்தோம். அவள் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, “எங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதாவது சொல்லணுமா அக்கா?” என்றாள்.

“ஒண்ணுமில்லை.”

“லமீஸ் தேர்வு நல்லா எழுதிட்டாளாமேன்னு சொல்லவா? சந்தோஷப்படுவார்.”

சொல் என்றேன்.