வாய் கொப்பளிக்காத குற்றம்

அனுப்புநர்
எம். கலீலுல்லா, பி.எஸ்ஸி.,
செய்முறை உதவியாளர் (பகுதி நேரம்),
தாராவி குறுக்குச் சாலை,
பம்பாய் – 400 017.

பெறுநர்
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
சமுதாயக் கல்லூரிகள் மேற்பார்வைப் பிரிவு,
பம்பாய்.

பொருள்: செம்பூர் நற்பணி சமுதாயக் கல்லூரி – உயிரியல் தொழில்நுட்பப் பயிற்சி – மாணவி சுலைகா பெயர் நீக்கம் – மறுவிசாரணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க. எனக்கு வயது அறுபத்தாறு.

1. தடுப்பூசித் தொழிற்சாலை ஆய்வகங்களுக்கு ஆள் தயாரிக்கும் ஓராண்டுப் பயிற்சி இது. ஆங்கிலம் போதாத மாணவர்களுக்குச் செய்முறையைத் தமிழில் விளக்குவது என் வேலை. சுலைகா, தாராவியில் குடியிருப்பவள், வயது பத்தொன்பது, பத்தாம் வகுப்புத் தேறியவள். முப்பத்தோர் ஆண்டு ஆய்வகத்தில் இருந்த என்னைவிட அவள் கை உறுதியானது.

2. 20.7.87 அன்று அவள் பெயர் நீக்கப்பட்டது. காரணங்கள் இரண்டு: டைபாய்டு கிருமி சுமப்பவர், வாய் கொப்பளிக்கச் சொல்லியும் மறுத்தவர். இவை கோப்பில் இருக்கும்வரை எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது. இறுதித் தேர்வு 24.8.87 அன்று.

3. நடந்தது 14.5.87 அன்று, ரமலான் மாதத்தில். டைபாய்டு கிருமி வளர்த்த திரவத்தைப் பிப்பெட் என்னும் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி அளக்க வேண்டும். வாய்க்குப் பதிலாகப் பொருத்தும் ரப்பர் உருண்டைகள் அலமாரியில் உள்ளன, சாவி என்னிடம். "அதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு எடுங்க, பாய். இவங்க வாய் என்ன தங்கமா?" என்று முதல்வர் திரு. பிரம்மநாயகம் முன்பே சொல்லியிருந்ததால் நான் திறக்கவில்லை. நோன்பென்று விலக்குக் கேட்ட சுலைகாவிடம், "கம்பெனில போயி கிருமிகிட்டயும் லீவு கேப்பியோ?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்ததாக நினைவு. அவள் உறிஞ்சினாள். திரவம் வாய்க்குள் போய்விட்டது.

4. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். இருபது நாள் மருத்துவமனை. தாராவித் தண்ணீரால் வந்தது என்று கல்லூரி எழுதிக்கொண்டது.

5. குணமாகித் திரும்பியவளிடம் 10.7.87 அன்று மல மாதிரி கேட்டார்கள். "வெளிய சாம்பிள் எதுக்கு? அசல் தாராவி மால் நம்ம கிளாஸ்லயே இருக்கு" என்று முதல்வர் அதையே பதினெட்டு மாணவர்களுக்கும் செய்முறையாக வைத்தார். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால், கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் ஒட்டும் சீட்டுகளில் தன் பெயரை அவளே எழுதினாள். கிருமிகள் மிகத் தெளிவாக வளர்ந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள் அத்தட்டுகளைப் பாராட்டி மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குணமானவர்களிடமும் மூன்று மாதம்வரை கிருமி வெளிப்படுவதுண்டு. ஒரே சோதனையில் முடிவு கட்டுவது முறையன்று. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

6. இரண்டாவது காரணம் பொய். திரவம் வாய்க்குள் போன அன்று அவள் துப்பிவிட்டு என்னிடம் ஓடிவந்து, "சார், மருந்துத் தண்ணி ஊத்திக் கொப்பளிச்சா நோம்பு முறிஞ்சிருமா?" என்று கேட்டாள். ஒரு துளி தொண்டையில் இறங்கினால் அந்தப் பாவம் யாருக்கு என்று பயந்து, "நோம்பு தொறக்குற வரைக்கும் பொறுத்துக்கம்மா" என்றேன். ஐந்து மணி நேரம் எச்சிலை விழுங்காமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தாள். கொப்பளித்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஆலிம் பிறகு சொன்னார். நான் கேட்டதே பிறகுதான்.

பெயர் நீக்குமுன் கல்லூரி நடத்திய விசாரணையில் முதல்வர், "பாய் கொப்பளிக்கச் சொன்னாரா இல்லையா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னாங்க. நாந்தான் கேக்கல" என்றாள். நான் தலையாட்டினேன். அந்த வரிக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

7. ஆகவே, வேறொரு ஆய்வகத்தில் மூன்று முறை அவளுக்குச் சோதனை செய்து, இரண்டாவது காரணத்தை அடித்து, தேர்வெழுத அனுமதிக்க வேண்டுகிறேன். என்மேல் எந்த நடவடிக்கையும் தகும்.

இன்னும் ஒன்று. என்னை முதல்வர் முன்னிலையில் விசாரிக்க வேண்டாம். அவர் எதிரில் இருந்தால் இதையெல்லாம் நான் மறுத்துவிடக் கூடும். அப்படி மறுத்தால், ஐயா, என் வாயை நம்பாமல் இந்தத் தாளை நம்பும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பம்பாய்
நாள்: 3.8.1987

பணிவுடன்,
(ஒப்பம்) எம். கலீலுல்லா