ஃபோர்மேன் ஆனபின் வந்த சம்பளம்

அன்பு மகள் லோசெனாவுக்கு, லௌதோக்காவிலிருந்து உன் அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் இங்கே யாருக்கும் பெரிய குறையில்லை, உன் அம்மாவுக்குத்தான் இருமல் இன்னும் விடவில்லை, ஆனால் சபையில் பாட்டுக்குழுவோடு நிற்கும்போது மட்டும் அது எட்டிப் பார்ப்பதில்லை. டப்போ ஊர்க் குளிரில் நீ கம்பளி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் திருத்திக்கொண்டே இருப்பாள், அதனால் சிட்னிக்குப் புறப்படும் உன் சித்தியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பஸ் பட்டறையில் என்னை ஃபோர்மேன் ஆக்கியதற்குப் பன்றி அடித்து விருந்து வைத்தது உனக்குத் தெரியும், படங்களெல்லாம் பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை. விருந்து முடிந்த மறுவாரமே சபையில் கூரை நிதிக்கு என் பேரில் கூடுதலாக எழுதிவிட்டார்கள், ஃபோர்மேன் அல்லவா. தெருவில் எல்லாரும் கூடிக் குடிக்க யங்கோனா கலக்கினால் வேர் வாங்கும் செலவு என் தலையில். ஆனால் வீட்டுக்கு வந்த பணமோ முன்னைவிடக் குறைந்துதான் வந்தது. புயலுக்குப் பிறகு நம் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு வாங்கிய கடனில் இரண்டு தவணை நின்றுபோயிற்று. முதலில் நான் ஏதோ பிடித்தம் என்று நினைத்தேன். அம்மா வேறு மாதிரி நினைத்தாள். ஒருநாள் மரவள்ளியைத் தோலுரித்துக்கொண்டே, பெரிய பதவிக்குப் போன ஆம்பளைங்க பணம் எங்கே போகும்னு எனக்கும் தெரியும், எந்த கிளப்புல கொண்டு கொட்டுறேன்னு மட்டும் சொல்லிடு என்றாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் யங்கோனாவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

விஷயம் வெளியே வந்தது ராமேந்திராவால், என்னோடு பதினைந்து வருஷமாக எஞ்சின் கழற்றுகிறவன், இப்போது என் கீழே வேலை செய்கிறான். சம்பளத்தன்று டீக்கடையில், பாஸ் நீங்கதான் இன்னிக்குக் காசு குடுக்கணும், எனக்கு இந்தத் தடவை எழுநூத்திருபதுதான் வந்துச்சு என்று சலித்துக்கொண்டான். எனக்கு வந்தது அறுநூற்றெண்பது டாலர். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன், வழியெல்லாம் காது சூடாக இருந்தது. அவன்மேல் கோபமில்லை மகளே, பாவம் அவன் உழைப்புக்கு வந்தது. என்னை ஏமாற்றுகிறார்களா, இல்லை உலகத்தில் ஃபோர்மேனுக்கு இவ்வளவுதானா, அதுதான் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் ஒருவனிடம் பெண்டாட்டியோடு சண்டையா என்று கேட்கலாம், பக்கத்து வீட்டில் போய் உப்பும் சர்க்கரையும் படகும்கூடக் கேட்கலாம், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு மட்டும் நாக்கு எழாது.

கடைசியில் பா ஊருக்குப் பஸ் ஏறி உன் வைசாகே மாமாவிடம் போனேன், அவரும் அங்கே பஸ் பட்டறையில் ஃபோர்மேன்தானே. என்னைப் பார்த்ததும், வாங்க பெரிய மனுசா, என் தங்கச்சி துரத்திவிட்டாளா, இல்ல கடன் கேக்க வந்தியா மச்சான் என்று சத்தம் போட்டார், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் கேலியை நிறுத்திவிட்டு, தன் சம்பளத்தை ஒளிக்காமல் சொன்னார். என்னுடையதைவிட மிக அதிகம். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, நில்லு நில்லு, எனக்கு முப்பது பஸ்ஸு, உனக்குப் பன்னெண்டு, என்னைப் பார்த்து அழாதே, நீ மெக்கானிக்கா இருந்தப்போ ஓவர்டைமோட கைக்கு எவ்வளவு வந்துச்சு, இப்போ எத்தனை மணி நேரம் உழைக்கிறே, அதைச் சொல்லு என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. முன்பு மணிக்குக் கூலி, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு. இப்போது ஒரே சம்பளம். ராக்கிராக்கி மலைப்பாதையில் பஸ் பழுதாகி நின்றால் விடியுமுன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் நான், அதற்கு ஒரு சதமும் கிடையாது. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்கைவிட நான் குறைவு. மாமா என் முதுகில் ஒன்று வைத்து, ஏன்டா இதுக்கா பன்னி அடிச்சே என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேங்காய்ப்பாலில் கீரை சமைத்து என் தட்டில் முதலில் வைத்தாள், மன்னிப்பு என்று அவள் வாயால் சொல்லமாட்டாள், உனக்குத் தெரியாததா. ஆனால் முதலாளியிடம் கேட்கப் போகாதே என்றுதான் அவள் சொன்னாள், இருக்கிறதையும் புடுங்கிட்டா என்ன பண்றது, தவணைக்கு மகள்கிட்டயா கையேந்துறது என்றாள். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. திங்கட்கிழமை முதலாளி மகள் ஷர்மிளாவின் அறைக்குப் போனேன். போகும் வழியில் தயார் செய்திருந்த பேச்செல்லாம் வாசலிலேயே மறந்துபோய், எனக்கு என் பழைய வேலையே குடுத்துடும்மா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் எழுந்தாள், என்ன அங்கிள், யாராவது ஏதாவது சொன்னாங்களா என்றாள். பிறகுதான் கோவையாகச் சொன்னேன். அவளே கணக்குப்போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். உங்க அடிப்படைச் சம்பளத்து மேல பதினஞ்சு சதவீதம் போட்டோம், ஓவர்டைம் நின்னுபோறது அப்பாவுக்கும் தோணலை, எனக்கும் தோணலை, இத்தனை மாசம் ஏன் அங்கிள் வாயைத் திறக்கலை என்றாள். முதலாளி உள்ளறையில் இருந்தபடியே என் பேரைச் சொல்லி, இனோக்கே ஒண்ணும் கேக்கலையே, சரியா இருக்குன்னுல்ல நெனச்சேன் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை, ஏனென்றால் அது உண்மை.

இப்போது சம்பளத்தை உயர்த்திவிட்டார்கள், வழியில் நின்ற பஸ்ஸுக்குப் போனால் தனிக் கூலி. போன மாதங்களுக்குத் தர முடியாது என்று பெரியவர் அடித்துச் சொல்லிவிட்டார், அது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. உன் மாமா அளவுக்கும் வராது. இருந்தாலும் நின்ற தவணைகளைக் கட்டிவிட்டேன், நேற்று ராத்திரி அடித்துப்போட்டது போலத் தூங்கினேன், அம்மா எழுப்பித்தான் எழுந்தேன்.

நம் ஈரப்பலா இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது, அறுத்து வறுத்ததில் ஒரு பொட்டலம் சித்தியிடம் இருக்கிறது, சுங்கத்தில் விடுவார்களோ என்னவோ. உன்னை அந்த முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், பன்றிக்கும் விலை பேசிவிட்டாள். நான் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எவ்வளவு கூட்டினார்கள் என்று கேட்டபோது நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். மகளே, உன் கூட வேலை செய்கிறவர்களிடம் வெட்கப்படாமல் கேள், மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார், பிறகு உள்ளே போய்ப் பேசு. அதற்குப் பிறகு எனக்குப் போன் பண்ணு, பன்றியை அன்றைக்கு அடிக்கலாம்.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் பக்கத்தில் நிற்பாராக, உன் கை செய்யும் வேலை உனக்கே பலன் தரட்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா இனோக்கே