கோகிலா திருத்திய வெப்சைட்

கை வைத்தால் கெட்டுப்போகும் என்று கணவன் கிருஷ்ணராஜ் சத்தம் போட்டிருந்தும், புளத்கொகுபிட்டியவில் தாங்கள் நடத்தும் தங்குமிடத்தின் வெப்சைட்டை மறுநாள் கோகிலாவே திருத்திவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல், சோற்றுச் சட்டி மூடிமேல் சீட்டு எழுதி வைத்தாள்:

"நம்ம போன் நம்பர் பிழையா கெடந்துச்சுங்க. அதான் ஒருத்தரும் கூப்பிடல. வெப்சைட்ட வச்சிருக்கிற ஹோஸ்டிங் கணக்குல நுழைஞ்சு, முதல்ல பழைய பக்கத்துக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, எடிட்ட அமுக்கி மாத்தி, சேவ் பண்ணேன். ஒண்ணும் கெடல. கொஞ்ச நேரத்துலயே போன் வந்துச்சு. நாலு பேரு வாறாங்க. ரம்புக்கனை ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வாறேன். எனக்குக் காலு தரையில நிக்கல. பெரிய ரூம்ல விரிப்பு மாத்துங்க. பருப்ப சூடாக்குங்க."

அடியில் நெருக்கி எழுதினாள்:

"வெப்சைட்ல முதலாளின்னு உங்க பேரு மட்டும் இருந்துச்சு. பக்கத்துல என் பேரையும் போட்டுட்டேன். அத அழிக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லித் தரமாட்டேன்."