அண்டாவில் ஊற்றிய பச்சைத் தண்ணீர்

பட்டினப்பாக்கம்
ஆடி கடைசி வெள்ளி

என் கண்ணு அன்புக்கரசிக்கு அம்மா எழுதுவது. ஆத்தாள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகம்தானே, கால் வீக்கம் வடிந்ததா, ராத்திரியில் தூக்கம் வருகிறதா, ஒன்று விடாமல் பதில் போடு. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் தண்ணீர் என்று வாயெடுத்தாலே உன் அப்பா பக்கத்திலிருந்து கத்த ஆரம்பித்துவிடுகிறார், அந்தப் பக்கம் நீ அழுகிறாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் மீன் கடையைச் சீக்கிரம் ஏறக்கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆவணியில் வளைகாப்பு முடித்து உன்னை இங்கே கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் பேச்சு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் எனக்கு வேறு எண்ணமே இருந்ததில்லை. உன் மாமியார், உங்கள் பக்கத்துத் தண்ணீரை நினைத்தால் பயமாக இருக்கிறது, பிரசவம் இங்கேயே ஆகட்டுமே என்று சொன்னபோது எனக்கு உச்சி எரிந்தது. உன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம். "இன்னாமே, தண்ணி சரியில்லையாமா? அப்ப நம்ம பொண்ணு இன்னா பாட்டில் தண்ணியிலயா வளந்துச்சு? பொறந்ததுலருந்து இந்தக் கொழாத் தண்ணிதான் குட்சிகினு கீறேன், கல்லு கணக்கா கீறேன் பாரு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். ஆனால் கண்ணு, ரோட்டைத் தோண்டி மூடினதிலிருந்து நம் தெருக் குழாயில் முதல் இரண்டு குடம் பழுப்பாகத்தான் வருகிறது. அப்புறம் தெளிந்துவிடுகிறது, ஆனாலும் ஒரு வாடை. நான் முகர்ந்து பார்த்துச் சொன்னால், மீன்காரி மூக்குக்கு எல்லாமே நாறும் என்று உன் அப்பா கிண்டல் பண்ணுகிறார். சரி, கேன் தண்ணீரே வாங்குவோம் என்றால் கேன் போடுகிற பிரபு வண்டியை வெயிலிலேயே நிறுத்தி வைக்கிறான், கழுத்தில் இருக்கிற துண்டாலேயே கேன் வாயைத் துடைக்கிறான், மூடியைத் தொட்டாலே கையோடு வருகிறது. போன மாசம் ஒரு கேனின் அடியில் பச்சையாகப் பாசி. குடித்தால் சப்பென்று இருக்கிறது, தாகமும் அடங்கவில்லை. இதை நம்புவதா அதை நம்புவதா என்று குடத்துக்கும் கேனுக்கும் நடுவில் நின்று முழிப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

இப்போது கேள். இத்தனை வருஷம் உனக்கு வயிற்றில் தங்காமல் போனபோது, தங்கினால் ஒரு அண்டா கூழ் ஊற்றுகிறேன் என்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டது உனக்கே தெரியும். இந்த ஆடியில் ஊற்றினேன். உன் பெயரைச் சொல்லி ஊற்றுகிற கூழாயிற்றே, குழாய்த் தண்ணீர் கூடாது என்று பிரபுவிடம் சொல்லி நல்ல சீல் இருக்கிற கேனாகப் பார்த்து இறக்கினேன். முந்தின ராத்திரி நொய்யை வேகவிட்டு, புளித்த கேழ்வரகு மாவை ஊற்றிக் கிளறினது எல்லாமே அந்தக் கேன் தண்ணீரில்தான். காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் போட்டு, ஆத்தாளுக்குப் படைத்துவிட்டு ஊற்ற ஆரம்பித்தோம். எங்கிருந்துதான் அத்தனை கூட்டமோ, தெரு முழுக்கச் சொம்பும் தூக்குமாக நிற்கிறார்கள். பாதிக் கூட்டம் வரும்போதே அண்டாவில் கூழ் கெட்டியாகி அடிக்குப் போய்விட்டது. யாரையும் வெறும் சொம்போடு அனுப்பக்கூடாது என்கிற பதற்றம் எனக்கு. கேன் எல்லாம் காலி. வாசலில் நிரப்பி வைத்திருந்த குழாய்த் தண்ணீர்க் குடங்களைத் தூக்கி நானே அண்டாவில் கவிழ்த்து, உப்பைப் போட்டுக் கலக்கி எல்லோருக்கும் ஊற்றினேன். எல்லோரும் உன்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள், எனக்கு வயிறு நிறைந்துபோயிற்று.

மறுநாள் எதிர் பிளாக் ஜோதிலட்சுமியின் பிள்ளை பிரணவுக்கு வாந்தியும் பேதியும். சாயந்திரத்துக்குள் பிள்ளை கண் சொருகிவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், டிரிப்ஸ் ஏற்றினார்கள், அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். இன்னும் சில வீடுகளிலும் வயிற்றுப்போக்கு என்று சொன்னார்கள். என் கூழாக இருக்காது, நான் கேன் தண்ணீரிலல்லவா காய்ச்சினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சுரீர் என்றது. கொதிக்கிற உலைக்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன, கொதியில் எல்லாம் செத்துப்போகும். ஆறின கூழில் ஊற்றுவதற்கல்லவா நல்ல தண்ணீரை எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் அடியோடு மாற்றிச் செய்துவிட்டேன் அன்பு. ஜோதியிடம் அங்கேயே சொல்லி அழுதேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, "இன்னாக்கா நீ, கூழு குட்சதாலதான் ஆச்சுன்னு யாரு சொன்னா? புள்ள கண்ட ஐஸெல்லாம் துன்னுச்சு, நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத வுடு" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பிள்ளை பிழைத்துவிட்டான், பயப்படாதே, நேற்று மாடிப்படியில் குதித்துக்கொண்டிருந்தான். எது காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது குழாய்த் தண்ணீரையும் கொதிக்க வைக்கிறேன், கேன் தண்ணீரையும் கொதிக்க வைக்கிறேன். உன் அப்பா, "தண்ணிக்கு ஜொரமாமே, கஷாயம் காச்சிகினு கீற?" என்கிறார். கேலி பண்ணினாலும் கடலுக்குப் போகும்போது அந்தக் காய்ச்சின தண்ணீரைத்தான் எடுத்துப் போகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. எங்களுக்கு இது போதும். பச்சை உடம்புக்காரியையும் கண் திறக்காத பிள்ளையையும் வைத்துக்கொண்டு நான் எந்த டம்ளரை என்று காவல் காப்பேன்? குழந்தை பிறந்தால் தெருவே வரும். ஆளாளுக்குச் சர்க்கரையைத் தண்ணீரில் தொட்டுப் பிள்ளை நாக்கில் சேனை வைப்பார்கள். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்க முடியுமா? நான் கவிழ்த்த குடத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். அவர்கள் கையைத் தட்டிவிட எனக்கு முகம் கிடையாது, தட்டிவிடாமல் இருக்கவும் எனக்குத் தைரியம் கிடையாது.

உன்னை எப்படியாவது வரச் சொல்லி எழுத வேண்டும் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், நீ வராதே கண்ணு. நான் அங்கே வருகிறேன். அரக்கோணத்தைத் தாண்டி ரயிலில் போனதில்லை, இந்தி ஒரு எழுத்து தெரியாது, சம்பந்தி வீட்டில் மாசக்கணக்கில் உட்கார்ந்து தின்றாள் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். மாமியாரிடம் நீயே சொல்லிவிடு, அவர்கள் பயந்தது சரிதான், அம்மா ஒத்துக்கொண்டாள் என்று. அதை என் வாயால் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கனமாக எதையும் தூக்காதே, இருட்டினபின் தனியாகப் படியிறங்காதே. அங்கேயும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடி, கடையில் வாங்கின பாட்டிலாக இருந்தாலும் சீலைப் பார். வரும்போது கருவாடு கொண்டு வரலாமா, வாடை சம்பந்தியம்மாவுக்கு ஆகாதா என்று கேட்டு எழுது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க ஆத்தாள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா தாயம்மா

உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தூளி கட்டுவதற்கென்று இன்றைக்குத்தான் சீலிங்கில் கொக்கி மாட்டினார். தாங்குமா என்று அதில் கயிற்றைக் கட்டித் தானே தொங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.