சங்க வீடும் சந்திரவல்லி அத்தையும்

போடிநாயக்கனூர்
9.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மேல் வழக்குப் போட்ட பிள்ளை உங்களுக்கே கடிதம் எழுதுவது முறையில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் ஜீப்பு ஓட்டும் முனீஸ்வரன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா இறந்ததும், வீட்டுவசதிச் சங்கத்தில் அவருக்கிருந்த உறுப்பினர் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு சங்கத்தில் சேர்ந்தவர், அக்காவான உங்களைத்தான் நாமினியாக எழுதியிருந்தார். அம்மா பெயருக்கு மாற்றச் சொன்னபோதெல்லாம், "கட்டினவ பேர 'எனக்குப் பின்னால'ன்னு எழுதுறதா? என் கையாலயே அவ தாலிய அறுக்குற மாதிரில்ல இருக்கு" என்று மறுத்துவிட்டார். இப்போது சங்கம் கொடுத்த, நாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே எங்களுக்கு உரிமையில்லை என்கிறார்கள்.

புதன்கிழமை தேனியில் கூட்டுறவுத் துணைப்பதிவாளர் முன் விசாரணை. வக்கீல் இல்லை. நானே பேசப்போகிறேன், அத்தை! பி.காம். வகுப்பில் வருகை சொல்லவே நடுங்கியவள் நான். நாமினி பொறுப்பாக வாங்கி வைப்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு என்று தேடித் தேடிப் படித்துவிட்டேன். நீங்கள் ஏன் இந்த வீட்டைக் கேட்கிறீர்கள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

உங்கள்
சுகன்யா

பூப்பாறை
11.6.2024

ஆத்தா சுகன்யா,

கேஸையும் போட்டுட்டு 'அன்புள்ள'ன்னு வேற எழுதுற. படிச்ச புள்ளைக்கு எகத்தாளம்தான்.

ஏன்னு கேட்டேல்ல, கேட்டுக்கோ. இந்த வருசத்தோட ஏலத்தோட்டத்துல எனக்குச் சோலி முடியுது. முடிஞ்சதும் தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும். புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்கம்மா முன்னால போயி நிக்கவா? அதான் என் தம்பி எழுதி வச்சத விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்.

நானும் தேனிக்கு வர்றேன். பயந்துக்கிட்டு வெறும் வயித்தோட வந்துராத. சாப்பிட்டு வா.

சந்திரவல்லி

போடிநாயக்கனூர்
20.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

உத்தரவு வந்துவிட்டது! உறுப்பினர் உரிமையை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டுமாம். ஏலக்காய் பிரிக்கும் கடையில் அம்மா சுளகைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

அன்று விசாரணையில் நான் சத்தமே வராமல் நின்றேனே. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த நீங்கள், "சத்தமாச் சொல்லு ஆத்தா, அய்யா காதுல விழுக வேணாமா?" என்று அதட்டினீர்கள். "இந்தம்மா எந்தப் பக்கம்?" என்று அதிகாரியே சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

லயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் படித்துக் காட்டினேன். நேற்று அம்மா பின்னறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, கட்டிலை இழுத்துப் போட்டாள்.

"யாருக்கும்மா?"

"உன் சோலியப் பாரு."

"அத்தைக்கா?"

"மலைக்குளுருல கெடந்த உடம்புக்கு இந்த வெக்கை ஆகாது. அந்த ஜன்னலத் தொறந்து வையி" என்றாள்.

நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அத்தை. சட்டத்தில் இடமிருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியிலேயே கேட்டிருப்பேன், கூச்சம். அம்மா வாய்விட்டு உங்களை அழைக்கவே மாட்டாள். கூப்பிடாமலே வாருங்கள்.

உங்கள்
சுகன்யா