சூசையின் இடது காது

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அம்மா பரவாயில்லை, சாப்பிடுகிறாள். எனக்குப் போன வாரம் வேலை உத்தரவு வந்தது. தூத்துக்குடியிலேயே, கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. இனி நானும் டீச்சர்.

உங்கள் பள்ளி மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும், பிள்ளைகள் மேல் கை நீட்டாத தமிழ் வாத்தியார் என்று உங்களைச் சொன்னார்கள். கடைசி ஒன்பது வருஷத்துக்கு அது உண்மை. அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பில் உங்களிடமே படித்தேன். ‘ஆசிரியர்’ என்ற சொல்லைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆசு என்றால் குற்றம், அதைப் போக்குகிறவர் ஆசிரியர். பலகைப் பக்கம் நீங்கள் திரும்பியபோது உங்கள் சட்டை முதுகில் சாக்பீஸ் தூள் படிந்த கைத்தடம் ஒன்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்த சூசை, சத்தம் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, அவனும் பல்லைக் காட்டினான். நீங்கள் பார்த்தது அவனை மட்டும்தான்.

“எந்திலே,” என்றீர்கள். எழுந்தான். ஒரே அறை. இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

நாலு நாள் கழித்து அவன் அம்மா மிக்கேலம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. “இவனுக்கு இந்தக் காது இனி கேக்காதாம், சார். கொஞ்சம் உங்க கிட்டக்க உக்கார வச்சிக்கிடுங்க. வகுப்புல சேட்டை பண்ணுனான்னு வீட்ல நானும் ரெண்டு போட்டேன்,” என்றார்கள்.

அன்று சாயங்காலம் நீங்கள் சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு, “அவந்தானம்மா சிரிச்சான்?” என்று கேட்டீர்கள். நான், “ஆமாப்பா,” என்றேன். என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நம்பினீர்களா அப்பா? நம்பத்தான் வேண்டும் என்று நம்பினீர்களா?

ஒரு மாதத்தில் சூசை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றான். நீங்கள் அவனைத் தேடிப் போகவில்லை. பிரம்பை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு அவன் வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டான். வேலை உத்தரவு வந்த மறுநாள் நான் பழைய துறைமுகத்துக்குப் போய் அவனைத் தேடினேன். தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் வேலை கிடைத்ததைச் சொன்னபோது வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

அவன் அப்பாவும் தாய்மாமனும் கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர்கள். படிப்பு நின்ற பிறகு மாமா இவனையும் கடலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். “அந்தத் தொழில்ல மாமாதான் எனக்கு வாத்தியாரு. ரெண்டு பாகம், ரெண்டாள் ஆழம் எறங்குனதுமே காதுல ரத்தம். தோணியில தூக்கிப் போட்டு மாமா அழுதாரு. ஒனக்கு இது வேண்டாம்லேன்னுட்டாரு,” என்றான். படிப்பும் இல்லை, கடலும் இல்லை. மிச்சம் இருந்தது மூட்டைதான்.

“அப்பா அடக்கத்துக்கு ஏன் வந்த?” என்று கேட்டேன்.

“எழுதப் படிக்க வருதுன்னா அது சார் குடுத்தது. காது போனதும் சார் குடுத்ததுதான். வராம இருக்க முடியல.”

அப்போதுதான் சொன்னேன், அன்று சிரித்தது நான் என்று. அவன் முகம் மாறவில்லை.

“தெரியும் டீச்சர். அந்தக் காதுல கடைசியாக் கேட்ட சிரிப்பே நீங்க சிரிச்சதுதான்.”

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“சார் மவளக் கைகாட்டுனா சார் நம்புவாரா?”

ஆசிரியப் பயிற்சியில் இரண்டு வருஷம் என்னென்னவோ படித்தேன். பிள்ளை பேசாமல் இருந்தால் அது யாருக்குப் பயந்து என்று கேட்க வேண்டும் என்பதை மூட்டை தூக்குகிற ஒருவனிடம்தான் கற்றுக்கொண்டேன். அவனையும் நான் வாத்தியார் என்றுதான் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்க அவனுக்கு ஆன செலவு ஒரு காது.

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னான்: “எனக்குச் சொல்லி என்ன டீச்சர் ஆவப்போவுது? எங்க அம்மாட்ட வந்து சொல்லுங்க. நான் சேட்டை பண்ணித்தான் காதத் தொலைச்சேன்னு இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்கா.”

இதை மலரில் போடுவார்களா என்று தெரியவில்லை. போடாவிட்டாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிக்கேலம்மா வீட்டுக்குப் போகிறேன். சிரித்தது நான், பொய் சொன்னதும் நான் என்று சொல்வேன். ஒரு வார்த்தை கேட்காமல் அடித்தது நீங்கள் என்றும் சொல்வேன். உங்களுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன், அப்பா. அது நீங்கள் உயிரோடு இருக்கும்போது போய்க் கேட்டிருக்க வேண்டியது. எனக்காக மட்டும் கேட்பேன். அவர்கள் கதவைச் சாத்தினாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அந்த வாசலை விட்டு வரமாட்டேன்.

இப்போதும் உங்கள் மகள்தான்,
ரூபி